ஜூரியும் சாட்சியும் ஒரு நாள் கூலியும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

முன்னுரை

நீதி வழங்கும் பணி நீதிபதிக்கு மட்டும் உரியதா, அல்லது சாதாரணக் குடிமக்களுக்கும் அதில் பங்கு உண்டா என்னும் வினா மிகப் பழையது. பங்கு உண்டு என்று சொல்லும் நாடுகள் ஜூரி முறையை வைத்துள்ளன. வழக்கோடு தொடர்பில்லாத குடிமக்கள் சிலரை அழைத்து, சாட்சியம் முழுவதையும் கேட்கச் செய்து, ‘இவர் குற்றவாளியா, இல்லையா’ என்று அவர்களையே தீர்மானிக்கச் சொல்வது ஜூரி முறை. நம் நாட்டிலும் ஒரு காலத்தில் அது இருந்தது. அது எப்படி வந்தது, ஏன் போனது, இன்று அதன் இடத்தில் நம்மைப் போன்றவர்களுக்கு என்ன மிஞ்சியிருக்கிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

கணிதம் படிக்கும் மாணவனுக்கு இந்தப் பொருள் எதற்கு என்று சிலர் கேட்கலாம். சென்ற ஆண்டு தை மாதம் வடக்கனந்தலில் எங்கள் வீட்டுக்கு நீதிமன்றத்திலிருந்து ஒரு சம்மன் வந்தது. அன்று எழுந்த கேள்விகளே என்னை நூலகத்துக்கு அனுப்பின. அதைப் பின்னர் கூறுகிறேன்.

குடவோலை முறை

பொதுக் கடமைக்கு ஆள் எடுக்கும் முறை தமிழருக்குப் புதியதன்று. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதி உடையவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். அப்படித் தேர்ந்தவர்கள் ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் ஆகியவற்றில் 360 நாட்கள் பணியாற்றினார்கள்.

இது ஜூரி அன்று. ஊர் நிர்வாகக் குழு. ஆயினும் ஜூரி முறைக்கு அடிப்படையான சில எண்ணங்கள் இதில் காணக்கிடக்கின்றன. பணம் கொடுத்தோ, சிபாரிசு பிடித்தோ வர முடியாது. சீட்டில் பெயர் வர வேண்டும். ஒருவரே திரும்பத் திரும்ப வரக்கூடாது; கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் பெயரைக் குடத்தில் இடமாட்டார்கள். கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை. இவை இன்றும் போற்றத்தக்கவை.

ஆனால் பெருமை பேசுவதோடு நின்றுவிடுதல் சரியன்று. குடத்தில் பெயர் விழ வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். வேதக் கல்வி வேண்டும். 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். உத்திரமேரூர் பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட ஊர். அந்த ஊரின் வயலில் உழுதவன் பெயர் ஓலையில் ஏறவில்லை. சீட்டுக் குலுக்கலில் ஒவ்வொரு சீட்டுக்கும் சம வாய்ப்பு உண்டு என்று நிகழ்தகவுப் பாடத்தில் படிக்கிறோம். அந்தச் சம வாய்ப்பு, குடத்துக்குள் போடப்பட்ட சீட்டுகளுக்கு மட்டுமே உரியது.

வெள்ளையர் கொண்டுவந்த ஜூரி

இந்தியாவில் ஆங்கில முறையிலான முதல் ஜூரி விசாரணை நடந்த இடம் நம் சென்னையே. 1665-ஆம் ஆண்டு, புனித ஜார்ஜ் கோட்டையில், தன் அடிமைப் பெண்ணைக் கொன்றதாக அசென்ஷியா டாஸ் என்னும் பெண்மீது வழக்கு நடந்தது. ஜூரியில் பன்னிருவர், ஆறு பேர் ஆங்கிலேயர், ஆறு பேர் போர்ச்சுக்கீசியர். அவர்கள் அவளைக் குற்றவாளி இல்லை என்று விடுவித்தார்கள். இறந்துபோன அடிமைப் பெண்ணின் பக்கத்திலிருந்து ஒருவர்கூட அந்தப் பன்னிருவரில் இல்லை.

பின்னர் 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஜூரி முறையை நாடு முழுவதற்கும் வகுத்தது. செஷன்ஸ் நீதிமன்றங்களில் சில இடங்களில் ஜூரர்களும், மற்ற இடங்களில் அசெஸர்களும் அமர்ந்தார்கள். அசெஸர் கருத்து மட்டும் சொல்லலாம். நீதிபதி அதை ஏற்க வேண்டிய கட்டாயமில்லை. 21 வயது முதல் 60 வயது வரையுள்ள ஆண்கள் இக்கடமைக்கு உரியவர்கள் என்று சட்டம் கூறியது. பெண்கள் இல்லை. மருத்துவர், வழக்குரைஞர், சமயக் குருமார், காவல்துறையினர் முதலியோருக்கு விலக்கு இருந்தது. அழைப்பு வந்தும் தக்க காரணமின்றி வராதவருக்கு நூறு ரூபாய் வரை அபராதம். அந்த நாளில் நூறு ரூபாய் என்பது எளிய தொகையன்று.

மாவட்டத்தில் இதற்கான பட்டியலைச் செஷன்ஸ் நீதிபதியும் கலெக்டரும் சேர்ந்து தயாரித்தார்கள். தகுதி உடையவர் யார் என்று முடிவு செய்ததும் அவர்களே. நம் பகுதி அப்போது தென்னார்க்காடு மாவட்டம், தலைமையிடம் கடலூர். வடக்கனந்தலிலிருந்து கடலூருக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். கையெழுத்துப் போடத் தெரியாத என் பாட்டனாரின் தந்தையை யாரும் அந்தப் பட்டியலில் தேடியிருக்க மாட்டார்கள். தேடி அழைத்திருந்தாலும், மாட்டையும் ஏரையும் விட்டுவிட்டு அவர் அங்கே போய்த் தங்கியிருக்க முடியாது. எங்கள் ஊருக்கு மேலே தெரியும் கல்வராயன் மலையின் ஜாகீர்களோ 1976-இல்தான் அரசின் நேரடி ஆளுகைக்குள் வந்தன. அதற்குள் ஜூரி முறையே மறைந்துவிட்டது.

பாகவதர் வழக்கு

தமிழ்நாட்டில் ஜூரி என்றாலே பெரியவர்களின் நினைவுக்கு வருவது லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. ‘இந்து நேசன்’ பத்திரிகை நடத்திய லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் சென்னையில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். புகழின் உச்சியில் இருந்த எம்.கே. தியாகராஜ பாகவதரும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் சதி செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டார்கள். சென்னை உயர்நீதிமன்றத்தில் ஒன்பது ஜூரர்கள் முன்னிலையில் விசாரணை நடந்தது. ஆறு பேர் ‘குற்றவாளி’ என்றும் மூன்று பேர் ‘இல்லை’ என்றும் கருதினார்கள். பெரும்பான்மையை ஏற்று 1945 மே மாதம் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. அது வழக்கை மீண்டும் ஆராயும்படி உயர்நீதிமன்றத்துக்கே அனுப்பியது. 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள். அதற்குள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழிந்துவிட்டன.

பாகவதருடைய படங்களைத் தெருவெல்லாம் பார்த்த ஊரில், பத்திரிகைகள் நாள்தோறும் எழுதிக்கொண்டிருந்த வழக்கில், ஒன்பது பேர் வெளிப்பேச்சைக் காதில் வாங்காமல் தீர்மானிப்பது எவ்வளவு கடினம் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அன்றைய சட்டப்படி உயர்நீதிமன்றத்தின் சிறப்பு ஜூரர் பட்டியலுக்குச் சொத்து, நடத்தை, கல்வி ஆகியவை பார்க்கப்பட்டன. பாகவதர் பாட்டைக் கேட்டு உருகிய ரிக்‌ஷாக்காரருக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

ஜூரி மறைந்த கதை

பம்பாயில் 1959-இல் நடந்த நானாவதி வழக்கால் ஜூரி முறை ஒழிந்தது என்று பலரும் சொல்வதுண்டு. தன் மனைவியின் நண்பரைச் சுட்டுக் கொன்ற கடற்படை அதிகாரியை ஒன்பது ஜூரர்களில் எட்டுப் பேர் குற்றவாளி இல்லை என்றார்கள். நீதிபதி அதை ஏற்காமல் உயர்நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அங்கே ஆயுள் தண்டனை கிடைத்தது. 1961-இல் உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆனால் அந்தத் துப்பாக்கி வெடிப்பதற்கு முன்பே, 1958-இல், சட்ட ஆணையம் தன் பதினான்காம் அறிக்கையில் ஜூரி முறையைக் கைவிடலாம் என்று பரிந்துரைத்திருந்தது. எனவே நானாவதி வழக்கைக் கடைசி அடி என்று சொல்லலாமே தவிர, ஒரே காரணம் என்று சொல்ல இயலாது. 1974 ஏப்ரல் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமில்லை. பார்சி மக்களின் திருமண வழக்குகளில் மட்டும், 1936-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீதிபதியுடன் அச்சமூகப் பிரதிநிதிகள் அமரும் முறை உள்ளது.

இன்றும் ஜூரி உள்ள நாடுகள்

இங்கிலாந்தில் வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் 18 முதல் 75 வயது வரையுள்ளவர்களை அழைக்கிறார்கள். அங்கும் முன்பு வீட்டு மதிப்பைப் பார்த்தே ஜூரரைச் சேர்த்தார்கள். 1972-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தத் தடையை நீக்கியது. அழைப்பு வந்த நேரத்தில் தேர்வோ அறுவை சிகிச்சையோ இருந்தால் வேறு தேதிக்கு மாற்றித் தரக் கேட்கலாம். பயணச் செலவு தருவார்கள். இழந்த சம்பளத்துக்கும் ஒரு வரம்பு வரை ஈடு உண்டு. பாமரனையும் நீதிமன்றத்துக்கு அழைப்பதென்றால் அவனுடைய நாளுக்கும் விலை உண்டு என்பதை அங்கே சட்டமே ஒப்புக்கொள்கிறது.

இலங்கையில் உயர்நீதிமன்றக் குற்ற வழக்குகள் சிலவற்றில் ஏழு பேர் கொண்ட ஜூரி இன்றும் உண்டு. சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மொழிவாரியாக ஜூரர் பட்டியல்கள் இருக்கின்றன. 2006-இல் கொழும்பில் தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வழக்கைச் சிங்களம் பேசும் ஜூரி விசாரித்து, 2016 டிசம்பரில் எதிரிகளை விடுவித்தது. ஜூரியில் யார் அமர்கிறார்கள் என்பது ஈழத் தமிழருக்கு ஏன் இவ்வளவு பெரிய கேள்வியாயிற்று என்பதை இதிலிருந்து உணரலாம்.

நம்மை அழைக்கும் சம்மன்

ஜூரி போய்விட்டது. எனினும் நீதிமன்றம் சாதாரண மனிதனை அழைக்கும் வழி ஒன்று இருக்கிறது. அதுதான் சாட்சி சம்மன். இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

கச்சிராயபாளையம் சாலையில் நடந்த ஒரு விபத்தை என் தந்தையார் நேரில் பார்த்தார். அடிபட்டவரைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றியவரும் அவரே. மாதங்கள் பல கழித்துக் காவலர் ஒருவர் சம்மன் கொண்டுவந்தார். வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே. அப்போது கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது. வெட்டுக் கூட்டத்தில் ஒரு நாள் நின்றுவிட்டால் மறுநாள் அந்த இடத்தில் வேறு ஆள் சேர்ந்துவிடுவார். அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, முதல் பஸ்ஸில் புறப்பட்டார். நானும் கல்லூரிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்து உடன் சென்றேன்.

மாலை மூன்று மணி வரை மரத்தடியில் நின்றோம். டவாலி பெயர் கூப்பிடும்போது காதில் விழாமல் போய்விடுமோ என்று அப்பா டீ குடிக்கக்கூட வரவில்லை. கடைசியில், “வாய்தா போட்டாச்சு, அடுத்த மாசம் வாங்க” என்றார்கள். அடுத்த மாதமும் அப்படியே ஆயிற்று. மூன்றாம் முறைதான் கூண்டில் ஏற்றினார்கள். பத்து நிமிடத்தில் சாட்சியம் முடிந்தது. மூன்று நாள் கூலியும் பஸ் கட்டணமும் போயின. திரும்பி வரும் வழியில் அப்பா சொன்னார்: “அடிபட்டவனைத் தூக்குனது தப்பில்லப்பா. ஆனா, இனிமே எவனாவது தூக்குவானா?”

இக்கேள்விக்கு என்னால் அன்று பதில் சொல்ல முடியவில்லை. பிறகு நூலகத்தில் சட்டத்தைப் படித்தேன். 2024 ஜூலை 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 350-ஆம் பிரிவு, சாட்சியின் நியாயமான செலவை அரசு கொடுக்கும்படி குற்றவியல் நீதிமன்றம் உத்தரவிடலாம் என்கிறது. பழைய சட்டத்திலும் இது இருந்தது. 346-ஆம் பிரிவு, சாட்சி வந்து காத்திருக்கும்போது, எழுத்தில் பதிவு செய்த சிறப்புக் காரணமின்றி அவரை விசாரிக்காமல் வழக்கை ஒத்திவைக்கக்கூடாது என்கிறது. சாட்சிகளைப் பலமுறை அலைய விடுவதை உச்சநீதிமன்றமும் 2000-ஆம் ஆண்டு ஸ்வரண் சிங் வழக்கில் வன்மையாகக் கண்டித்துள்ளது. ஆனால் அந்த மூன்று நாட்களிலும் சாட்சிப் படி என்று ஒன்று உண்டு என எங்களிடம் யாரும் சொல்லவில்லை. எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றால் ஓர் உண்மை புலனாகிறது. குடவோலையிலும் ஜூரியிலும் தீர்ப்புச் சொல்லும் இடம் நிலமும் ஓய்வும் உடையவருக்கே கிடைத்தது. நாள் ஒன்றை இழந்தாலும் அடுப்பு எரியும் வீடு அவர்களுடையது. இன்றைய சாட்சி சம்மன் வருவதோ பெரும்பாலும் தெருவில் நின்றவனுக்கும் வயலில் இருந்தவனுக்கும்தான். தீர்ப்பில் பங்கு தராத நாளில் அவனிடம் எதையும் கேட்கவில்லை. சாட்சியம் வேண்டும் என்ற நாளில் அவன் கூலியைக் கேட்கிறார்கள்.

ஜூரி முறை மீண்டும் வர வேண்டும் என்று நான் வாதிடவில்லை. சாதியும் செல்வாக்கும் ஊரை ஆளும் இடத்தில் அதன் ஆபத்து பெரிது. சாட்சி சொல்ல வருபவனின் நாளை வீணாக்காதீர்கள், வீணானால் ஈடு கொடுங்கள் என்பதே என் வாதம். சட்டம் ஏற்கெனவே இதைச் சொல்லிவிட்டது, நடைமுறைதான் பின்தங்கியிருக்கிறது.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் வீட்டில் முதல் பட்டதாரிகள். நம் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் வரும் அரசுக் காகிதங்களைப் படித்துச் சொல்வது நம் பொறுப்பு. அடுத்த முறை நம் ஊரில் ஒருவருக்குச் சாட்சி சம்மன் வந்தால், அவரோடு செல்வோம். சாட்சிப் படிக்கு மனு எழுதிக் கொடுப்போம். என் தந்தையாருக்கு மீண்டும் ஒரு சம்மன் வந்தால், அந்த மனுவை எழுதுபவன் நானாகவே இருப்பேன்.