பாரமும் வேகமும்

தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணாக்கர் மோட்டார் வண்டியின் பிரேக்கைக் குறித்து எழுதப் புகுதலைக் கண்டு, பௌதிக வகுப்பு நண்பர்கள் நகைத்தல் கூடும். நகைப்பாராக. சென்ற ஆண்டு உதகையினின்று இறங்கி வருங்கால் யாம் உற்ற அச்சமே எம்மை இத்துறையிற் புகுத்தியது. அச்சம் தெளிந்தபின் பௌதிக நூல்களைப் புரட்டினோம், அறிந்தோரை வினவினோம், கற்றவற்றை ஈண்டு எளிய முறையிற் கூறுகின்றோம்.

நிகழ்ந்தது இது. வேன் மேட்டுப்பாளையத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே பதின்மூவர், மேலே எம் பெட்டிகளும் மூட்டைகளும். ஓட்டுநர் இளைஞர். மாலை ரயிலைப் பிடித்தல் வேண்டுமென்று அவரை நெருக்கியவர் யாமே. வளைவு வரும்வரை வண்டியை ஓடவிட்டு, வளைவு வந்ததும் பிரேக்கை அழுத்தி மிதித்து வந்தார். குன்னூரைக் கடந்து சிறிது தொலைவில் எரிநாற்றம் எழுந்தது. பர்லியாற்றை அணுகுங்கால் பிரேக் மிதி அடிவரை அமிழ்ந்தது; வண்டியோ நிற்கவில்லை. அவர் கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, மலைப்பக்கத்து மண்மேட்டில் உராயவிட்டு வண்டியை நிறுத்தினார். ஒருவருக்கும் ஊறில்லை. ஆயினும் எதிர்ப்புறத்துப் பள்ளத்தை நோக்கியபோது எம்முள் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பின்னே வந்த லாரியினின்று இறங்கிய முதியவர் ஒருவர், சக்கரத்தில் தண்ணீர் ஊற்ற முயன்ற எம்மைத் தடுத்தார். “ஊற்றாதீங்க தம்பி, காய்ந்த இரும்பு விரிசல் விட்டுடும். ஏறுகிற கியரிலேதான் இறங்கணும். இது தெரியாமலா மலைக்கு வந்தீங்க?” என்றார். அம்முதியவர் மொழியின் பொருளை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

ஓடும் வண்டியிடத்து இயக்க ஆற்றல் உண்டு. வண்டி நிற்க வேண்டின் அவ்வாற்றல் வேறோர் உருவம் எடுத்தல் வேண்டும். பிரேக் பேட் சுழலும் டிஸ்க்கை இறுகப் பற்றுங்கால், உராய்வினால் அது வெப்பமாகிக் காற்றிற் கலக்கின்றது. அங்ஙனம் உராயுந்தோறும் பேட் சிறிது சிறிதாகத் தேய்கின்றது. ஆகவே, எவ்வளவு ஆற்றலைப் பிரேக்கிடம் ஒப்புவிக்கின்றோமோ, ஏறத்தாழ அவ்வளவிற்கே தேய்வும் உண்டாம். வெப்பம் மிகுமாயின் தேய்வு இன்னும் விரையும்.

இவ்வாற்றலை அளக்கும் விதி எளியது. எடை இருமடங்காயின் ஆற்றலும் இருமடங்காகும். வேகம் இருமடங்காயின் ஆற்றல் நான்கு மடங்காகும். 1,000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுங்கால் அதனிடத்துள்ள ஆற்றல் ஏறக்குறைய 1,39,000 ஜூல். எடையை 1,500 கிலோ ஆக்கின் அது ஒன்றரை மடங்காகும். எடையை மாற்றாது வேகத்தை மட்டும் 90 ஆக்கினாலோ இரண்டேகால் மடங்காகும். பாரத்தினும் வேகமே பிரேக்குக்குப் பெரும்பகை என்பது இதனாற் பெறப்படும்.

இனிப் பெட்ரோலின் கணக்கைக் காண்போம். ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் ஏறக்குறைய 320 லட்சம் ஜூல் வெளிப்படும். அதில் நான்கில் ஒரு பங்கே சக்கரத்தைச் சேருமெனக் கொள்வோம். எஞ்சியது பெரும்பாலும் புகையோடும் ரேடியேட்டர் வெப்பத்தோடும் போய்விடும். இக்கணக்கின்படி, முற்கூறிய காரை 60 வேகத்துக்குக் கொணர ஏறக்குறைய 17 மில்லிலிட்டர் செலவாகும். சிவப்பு விளக்கைக் கண்டும் விரைந்து சென்று அதனடியிற் பிரேக்கை மிதிப்பவர் அவ்வளவையும் வெப்பமாக்கி வீசிவிடுகின்றார். 57 முறை அங்ஙனம் செய்யின் ஒரு லிட்டர் ஒழிந்தது. விளக்கைத் தொலைவிலேயே கண்டு முடுக்கு மிதியினின்று காலை எடுப்பவரோ, வண்டி தானே 30 வேகத்துக்குத் தணிந்தபின் பிரேக்கைத் தொடுகின்றார். அப்போது பிரேக் ஏற்கும் ஆற்றல் முன்னையதில் நான்கில் ஒன்றே. பையும் பேடும் ஒருங்கே பிழைக்கின்றன.

ஈண்டு ஒரு மயக்கத்தை நீக்குதல் தகும். இறக்கத்தில் நியூட்ரலில் ஓடவிட்டாற் பெட்ரோல் மிச்சமாகும் எனப் பலர் எண்ணுவர். இக்காலத்து இன்ஜெக்‌ஷன் இயந்திரங்களில், கியர் பூட்டியபடி காலை எடுத்து இறங்குங்கால், சக்கரமே இயந்திரத்தைச் சுழற்றும்; எரிபொருள் பாய்தல் பெரும்பாலும் அறவே நின்றுவிடும். நியூட்ரலிலோ இயந்திரம் அணையாதிருக்கச் சிறிதேனும் பெட்ரோல் குடித்தே தீரும். மிச்சமும் இல்லை, காவலும் இல்லை.

இப்போது மலைக்கு மீள்வோம். உதகை கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 2,200 மீட்டர். மேட்டுப்பாளையம் ஏறக்குறைய 330 மீட்டர். 1,000 கிலோ எடை இவ்வுயரத்தினின்று இறங்குங்கால் 183 லட்சம் ஜூல் வெளிப்படும். அறுபது லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொணர இவ்வெப்பம் போதும். இதிற் சிறிது பங்கைச் சாலையும் காற்றும் ஏற்கும். எஞ்சியதைப் பிரேக் ஏற்க வேண்டும், அன்றேல் இயந்திரம் ஏற்க வேண்டும். தாழ்ந்த கியரில் இறங்கின் இயந்திரமே சக்கரத்தைப் பின்னின்று பிடித்து நிறுத்தும். உயர்ந்த கியரில் ஓடவிடின் சுமை முழுதும் நான்கு சிறிய பிரேக்குகளின்மேல் விழும். அப்போது பேட் காய்ந்து பற்றுதலை இழக்கும். காற்றின் ஈரத்தை நாளடைவில் உறிஞ்சிய பிரேக் ஆயில் கொதித்துக் குமிழியிடும். ஆயில் அமுங்காது, குமிழியோ அமுங்கும். ஆகவே மிதி வீணே தாழும். எம் வேனில் நேர்ந்ததும் இதுவே எனத் தெளிந்தோம். முதியவர் கூறியதன் பொருளும் விளங்கிற்று.

மின்சாரக் கார்கள் தம் மின்கலத்தினாற் பாரம் மிக்கவை. ஆயினும் வேகத்தைத் தணிக்குங்கால் அவற்றின் மோட்டாரே மின்னாக்கியாகி, ஆற்றலில் ஒரு பகுதியை மின்கலத்துக்கு மீட்டளிக்கும். ஆதலின் அவற்றின் பேட் மெல்லவே தேய்கின்றது. பாரம் மிகினும், ஆற்றலை ஆளும் முறை நன்றாயிற் கேடு குறையும் என்பதற்கு இது சான்று.

அளவுக்கு மிஞ்சிய பாரத்தால் வண்டிக்கு நேரும் கேட்டை வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் உவமையாக்கினார். அப்பாடலைத் தேர்வுக்காகப் பன்முறை எழுதிய யாம், வேனின் மேல் மூட்டைகளை ஏற்றுங்கால் அதனை நினைத்திலேம். ஓட்டுநரைக் குறைகூறுதல் எளிது. மூட்டைகளை ஏற்றினவர் யாம். விரைக என்று தூண்டினவரும் யாமே. அவர் காலை அழுத்தியதில் எம் நாவுக்கும் பங்குண்டு.

ஆகலின், நண்பர்காள், மலைக்குச் செல்வீராயின் வேண்டாத சுமையைக் கீழே வைத்துச் செல்லுங்கள். ஏறிய கியரிலேயே இறங்கச் சொல்லுங்கள். எரிநாற்றம் எழுந்தால் வண்டியை நிறுத்தி ஆறவிடுங்கள். அன்று எமக்கு மாலை ரயில் தவறிற்று. மறுநாட் காலை ரயிலில் பதின்மூவருள் ஓட்டுநர் ஒழிந்த பன்னிருவரும் ஊர் திரும்பினோம்.