வெளிநாட்டுக் கோயிலில் சுதை, வர்ண வேலையா?

சிங்கப்பூர், மலேசியக் கோயில்களில் 12 ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகத் திருப்பணி நடப்பதால், நம் ஊர் ஸ்தபதிகளுக்கும் வர்ணக் கலைஞர்களுக்கும் அழைப்பு வருகிறது. கிளம்பும் முன் கவனிக்க:

* சுற்றுலா விசாவில் வேலை செய்வது குற்றம். வேலை அனுமதி கைக்கு வந்தபின் டிக்கெட் போடுங்கள்.

* பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட் பெரும்பாலும் 'ஈ.சி.ஆர்.' வகை. வேலைக்காக மலேசியா செல்ல இவர்களுக்குக் குடிபெயர்வு அனுமதி (எமிக்ரேஷன் கிளியரன்ஸ்) கட்டாயம். ஏஜென்ட்டின் பதிவை 'இ-மைக்ரேட்' அரசுத் தளத்தில் சரிபாருங்கள்.

* சம்பளம், தங்குமிடம், சாப்பாடு, திரும்பும் டிக்கெட், மருத்துவச் செலவு யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

* உளி, கரணை போன்றவற்றைத் துணியில் சுற்றி, செக்-இன் பெட்டியில் வையுங்கள். கைப்பையில் அனுமதி இல்லை. தின்னர், எண்ணெய் பெயின்ட் விமானத்தில் கூடவே கூடாது. தூரிகைகளைக் கொண்டுபோகலாம்.

* ஈரச் சுதைமேல் வர்ணம் பூசினால் உரியும். மழை அதிகமுள்ள அந்நாடுகளில், காயவிடும் நாட்களையும் சேர்த்தே வேலை நாட்களைப் பேசுங்கள்.

* பாஸ்போர்ட்டை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

* பாதுகாப்பு பெல்ட் இல்லாமல் கோபுரச் சாரத்தில் ஏறாதீர்கள்.

சிக்கல் என்றால் தயங்காமல் இந்தியத் தூதரகத்தையோ தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறையையோ அணுகுங்கள்.