கிடந்த மோட்டார் சைக்கிளை மீண்டும் ஓட்டுமுன்



சிட்னியிலும் மெல்பேணிலும் நம்மவர் வீட்டுக் கராஜ்கள் சிலவற்றில் ஆண்டுக்கணக்காக ஓடாத மோட்டார் சைக்கிள் ஒன்று சீலையால் மூடியபடி நிற்கும். ஒரு நாள் மகன் சாவியைக் கேட்பான். உடனே உதைத்து ஸ்ரார்ட் செய்து பார்ப்பதுதான் பலர் விடும் முதற்பிழை.

ஏன் பிழை என்பதை யாழ்ப்பாணத்து அனுபவமே நமக்குச் சொல்லும். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் அருமையாகிவிட, மக்கள் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். ஆனால் குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் கிளம்பாது. சில துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் செய்து, சூடானபின்பே மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். எஞ்சினுக்குள் எரிவது ஆவி. பெற்றோல் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய்க்குச் சூடு வேண்டும்.

பல மாதம் தாங்கியில் கிடந்த பெற்றோலில், எளிதில் ஆவியாகும் பகுதியே முதலில் போய்விடுகிறது. மிஞ்சியது நாளடைவில் பிசினாகி, காபரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும். அதன்பின் எவ்வளவு உதைத்தாலும் பயனில்லை. ஆகவே பின்வரும் ஒழுங்கில் செய்யுங்கள்.

1. பழைய பெற்றோலை முழுவதும் வடித்துவிடுங்கள். வடிகாலிலோ தோட்டத்திலோ ஊற்ற வேண்டாம். எங்கே ஒப்படைப்பது என்று உங்கள் நகரசபையிடம் கேளுங்கள். தாங்கிக்குள் துரு உண்டா என்று ரோச் லைற்றால் பாருங்கள். காபரேட்டரைக் கழற்றித் துப்புரவாக்குங்கள்.

2. எஞ்சின் ஒயிலை மாற்றுங்கள். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் சில துளி ஒயில் விட்டு, கையாலோ காலாலோ மெதுவாகச் சுழற்றுங்கள். உலர்ந்த சிலிண்டர் கீறுப்படாது.

3. 12 வோல்ற் பற்றரி நன்றாக நிரம்பியிருந்தால், ஓய்வில் ஏறக்குறைய 12.6 வோல்ற் காட்டும். குறைந்தால் மெதுவாகச் சார்ஜ் செய்யுங்கள். சார்ஜ் ஏற்றும்போது பக்கத்தில் நெருப்பு ஆகாது.

4. பிறேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். இரண்டு ஆண்டு கடந்திருந்தால் மாற்றுங்கள். பிறேக்கைப் பிடித்து விட்டபின் சில்லு தடையின்றிச் சுழல வேண்டும்.

5. ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்யப்பட்டது. பட்டன் ஆழமாக இருந்தாலும், வெடிப்புக் கண்ட ரயரை நம்பக்கூடாது.

6. ஸ்ரார்ட் செய்யும்போது மோட்டார் சைக்கிளை வெளியே தள்ளி வந்துவிடுங்கள். மூடிய கராஜில் சேரும் கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, ஆளைக் கொல்லும்.

எஞ்சின் சீராக ஓடினாலும் உடனே வீதிக்கு எடுக்க முடியாது. நியூ சவுத் வேல்ஸில் பதிவு காலாவதியாகி 3 மாதத்துக்கு மேலானால் 'புளூ சிலிப்' பரிசோதனை வேண்டும். விக்டோரியாவில் இரத்தான பதிவைப் புதிதாகப் பெற 'ரோட்வேர்தி' சான்றிதழ் கேட்பார்கள்.

ஸ்ரார்ட் ஆகாத மோட்டார் சைக்கிளால் எவருக்கும் ஆபத்தில்லை. ஸ்ரார்ட் ஆகி, பிறேக் பிடிக்காமல் ஓடுவதே ஆபத்து. அவசரப்படும் மகனை நான்காம், ஐந்தாம் படிகளில் உங்கள் பக்கத்தில் இருத்தி, அவன் கையாலேயே செய்விக்கவும். சாவியை அதன்பின் கொடுக்கலாம்.