சுவையையும் அளக்கலாம்



தக்காளி விலை சரிந்த நாளில், அதைத் தொக்காக்கி விற்க உங்களில் சிலர் முனைந்திருப்பீர்கள். உறவினர்கள் ருசித்துவிட்டு "பிரமாதம்" என்பார்கள். முகத்துக்கு நேரே குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. அதை நம்பி முதல் போட்டபின் கடையில் சரக்குத் தேங்கினால் நட்டம் உங்களுக்கே. உணவுத் தொழிற்சாலைகள் பாராட்டை நம்புவதில்லை. நிறம், மணம், சுவை, பதம் ஆகியவற்றை முறைப்படி சோதிக்கின்றன. இதுவே புலன்வழி மதிப்பீடு ஆகும்.

வேறுபாடு தெரிகிறதா?

தொக்கில் முண்டு மிளகாய்க்குப் பதில் சம்பா மிளகாய் சேர்க்க எண்ணுகிறீர்கள். வாங்குவோருக்கு மாற்றம் தெரியுமா? இதற்கு முக்கோணச் சோதனை உதவும். ஒவ்வொருவருக்கும் மூன்று கிண்ணங்கள் கொடுக்க வேண்டும். இரண்டில் ஒரே தொக்கு, ஒன்றில் வேறு தொக்கு. வேறானது எது என்று அவர் சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் 12 பேரில் 4 பேர் சரியாகச் சொல்லக்கூடும். எனவே 8 பேராவது சரியாகச் சொன்னால்தான் வேறுபாடு உண்டு எனக் கொள்ளலாம். நிறம் காட்டிக்கொடுக்காதிருக்க, தொழிற்சாலைகளில் சிவப்பு விளக்கொளியில் இச்சோதனையை நடத்துவதுண்டு.

பிடிக்கிறதா?

இதற்கு ஒன்பது புள்ளி அளவுகோல் உண்டு. 1940-களின் இறுதியில் அமெரிக்க ராணுவ வீரர்களின் உணவு விருப்பத்தை அறிய உருவானது இது. 9 என்றால் மிகமிகப் பிடிக்கிறது. 5 என்றால் இரண்டும் இல்லை. 1 என்றால் சற்றும் பிடிக்கவில்லை. இதைப் பயிற்சி பெற்ற சுவைஞரிடம் கேட்பதில்லை. வாங்கி உண்பவரிடமே கேட்க வேண்டும். எத்தனை பேரிடம் கேட்கிறீர்களோ அத்தனைக்கு முடிவு உறுதிப்படும்.

நீங்கள் செய்யும் முறை

1. வீட்டாரைத் தவிர்த்து, கடையில் தொக்கு வாங்கும் பழக்கமுள்ளவர்களை அழையுங்கள்.

2. காலை 10 முதல் 11 மணிக்குள் நடத்துங்கள். அதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே வெற்றிலை, புகையிலை, காப்பி கூடாது.

3. ஒரே மாதிரிக் கிண்ணம், ஒரே அளவு, ஒரே சூடு இருக்கட்டும்.

4. கிண்ணங்களுக்கு 527, 314, 862 என்பதுபோல் எண் இடுங்கள். 1, 2 என்று இட்டால் முதலாவதே உயர்ந்தது என்ற எண்ணம் வரும். வைக்கும் வரிசையையும் ஆளுக்கு ஆள் மாற்றுங்கள்.

5. காரம் நாக்கில் தங்கும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே வெறுஞ்சோறு உண்டு, வாய் கொப்பளித்து, சில நிமிடம் பொறுக்கச் சொல்லுங்கள்.

6. ஒருவரோடொருவர் பேசாமல், தனித்தனியே எழுதித் தரட்டும்.

ஓர் எச்சரிக்கை: சுவை நன்றாயிருப்பதால் மட்டும் பண்டம் கெடவில்லை என்றாகாது. பூஞ்சை கண்டதை ருசி பார்க்கவே கூடாது.

இதற்குச் செலவு ஒரு காலைப்பொழுதும் சிறிது தொக்குமே. ஒரு சட்டியில் தெரிய வேண்டிய குறை, நூறு பாட்டில் அடைத்தபின் தெரிந்து என்ன பயன்? முதல் போடுமுன் சோதித்துப் பாருங்கள்.