பிழைப்பும் படிப்பும் வீட்டார் உரிமையும்

காலை நேரத்தில் கொடுமுடி ரயில் நிலையத்திற்குப் போய்ச் சிறிது நேரம் நின்று பாருங்கள். ஈரோட்டுக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம், கரூருக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம். மஞ்சள் மண்டிக் குமாஸ்தா, ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறவர், ஏற்றுமதிக் கம்பெனியில் பில் போடுகிறவர் என்று பலரும் இருப்பார்கள். அவர்களில் சில இளைஞர்களின் பைக்குள் தூக்குப்போசியோடு தடித்த புத்தகம் ஒன்றும் இருக்கும். ஒருவர் சி.எம்.ஏ. எனப்படும் அடக்கவிலைக் கணக்குத் தேர்வுக்குப் படிக்கிறார். இன்னொருவர் அரசுத் துறைத் தேர்வுக்குப் படிக்கிறார். வேலையை விட்டுவிட்டுப் படிக்க வசதி இல்லை. படிக்காவிட்டால் வேலையில் உயர வழி இல்லை. இதுதான் அவர்கள் நிலை.

வெள்ளிக்கிழமை மஃரிபுக்குப் பின் பள்ளிவாசலில் நாங்கள் நடத்தி வரும் பாட வகுப்பில், இத்தகைய சகோதரர் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். குடும்பத்தின் ஹலாலான ஜீவனத்திற்காகத்தான் இரவும் பகலும் படிக்கிறேன், இதுவும் இபாதத்தில் சேருமல்லவா என்பது அவர் கேள்வி. நிய்யத்து சரியாக இருந்தால் நன்மை உண்டு என்று சொல்லி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து அவருடைய மனைவி என் வீட்டாரிடம் வந்து ஒன்று கேட்டுப் போனாராம்: “அவர் படிக்கிறது இபாதத்துன்னா, அவருக்காக நான் ராத்திரி கண் முழிச்சு, காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு, பிள்ளைகளையும் தனியாப் பார்க்கிறது என்னங்க?”

முதல் கேள்விக்கு நான் உடனே பதில் சொன்னேன். இரண்டாவது கேள்விக்காகத்தான் கிதாபுகளைப் புரட்ட வேண்டியதாயிற்று. அப்படிப் புரட்டியபோது கிடைத்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் படிப்பைப் பற்றிய ஐயம் தீரட்டும். கணக்குப் படிப்பு துன்யாவின் படிப்புத்தானே, இதற்கு மார்க்கத்தில் என்ன இடம் என்று சிலர் எண்ணுகின்றனர். ஹிஜ்ரி 505-ல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யாவில் கல்வியைப் பற்றிய பகுதியிலே, மருத்துவத்தையும் கணக்கையும் பர்ளு கிஃபாயாவில் சேர்த்திருக்கிறார்கள். கொடுக்கல் வாங்கலுக்கும், மரண சாசனத்தையும் வாரிசுச் சொத்தையும் பங்கு வைப்பதற்கும் கணக்கு அறிந்தவர் ஊரில் இல்லாவிட்டால் எல்லோருக்குமே சிரமம் என்பது அவர்கள் கூறும் காரணம். ஆகவே ஊரில் ஒருவர் கணக்கில் தேர்ச்சி பெறுவது ஊராருக்கும் செய்யும் உதவியாகும். (வட்டிக் கணக்கு எழுதும் உத்தியோகம் பற்றிய சட்டம் தனியே விரிவாகப் பேசவேண்டியது. அதில் இருப்போர் தக்க ஆலிமை அணுகிக் கேட்டுக் கொள்வார்களாக.)

பிழைப்பையும் கல்வியையும் ஒருங்கே நடத்துவதும் புதிதன்று. நம் பகுதி மக்கள் பெரும்பாலும் பின்பற்றும் மத்ஹபின் இமாமாகிய அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபா நகரில் துணி வணிகராய் இருந்தார்கள். அஷ்ஷஃபீ (ரஹ்) அவர்கள் சொன்ன ஓர் அறிவுரைதான் அவர்களைக் கல்வியின் பக்கம் திருப்பிற்று. ஹம்மாத் (ரஹ்) அவர்களிடம் பதினெட்டு ஆண்டுகள் பாடம் கேட்டார்கள்; ஆயினும் வணிகத்தை விட்டுவிடவில்லை. அதற்குக் கூட்டாளி வைத்திருந்தார்கள். அந்தக் கூட்டாளியை நாம் மறந்துவிடுகிறோம். ஒருவர் பாடத்தில் அமர்ந்திருக்கும்போது கடையில் இன்னொருவர் அமர்ந்திருக்கத்தான் வேண்டும். பின்னாளில் அவர்களுடைய மாணவர் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் வறுமையினால் பாடத்திற்கு வராமல் நின்றபோது, இமாமவர்கள் காரணத்தை விசாரித்து, வீட்டுச் செலவுக்குப் பணம் கொடுத்தார்கள். வீடு பட்டினி கிடக்க மாணவர் படிக்கட்டும் என்று அவர்கள் விட்டுவிடவில்லை.

இதைவிட நெருக்கமான உதாரணம் உமர் (ரலி) அவர்களுடையது. மதீனாவின் மேட்டுப் பகுதியில் அவர்கள் வசித்து வந்தார்கள். அன்றாடப் பிழைப்பும் இருந்தது. நாயகம் (ஸல்) அவர்களிடம் அன்றாடம் கற்கவும் வேண்டியிருந்தது. அன்ஸாரித் தோழரான பக்கத்து வீட்டுக்காரரோடு ஓர் ஏற்பாடு செய்து கொண்டார்கள். ஒரு நாள் இவர் போவார். மறுநாள் அவர் போவார். போனவர் அன்று இறங்கிய வஹீயையும் மற்றச் செய்திகளையும் போகாதவருக்கு வந்து சொல்லுவார். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் கல்வியைப் பற்றிய பகுதியில், முறை வைத்துக் கற்பது என்று இதற்கென்றே ஒரு பாடம் அமைத்திருக்கிறார்கள்.

முறை என்ற சொல்லை நம் பக்கத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. பவானியில் தொடங்கிக் கொடுமுடி அருகே ஆவுடையார்பாறையில் முடியும் காளிங்கராயன் வாய்க்காலின் ஓரத்தில் வாழ்கிறவர்கள் நாம். கூட்டுக் கிணற்றில் அண்ணனுக்கு ஒரு நாள், தம்பிக்கு ஒரு நாள் என்று தண்ணீர் முறை உண்டு. அண்ணன் தன் முறை முடிந்தபின்னும் மோட்டாரை நிறுத்தவில்லையென்றால் பஞ்சாயத்தே கூடிவிடும். ஆனால் வீட்டுக்குள் கணவன் ஓராண்டு முழுதும் தன் முறையாகவே ஓட்டிக் கொண்டிருந்தால் கேட்பாரில்லை.

ஸல்மான் (ரலி) அவர்கள் கேட்டார்கள். அவர்களுக்கும் அபூதர்தா (ரலி) அவர்களுக்கும் நாயகம் (ஸல்) அவர்கள் சகோதரத்துவம் ஏற்படுத்தியிருந்தார்கள். ஒரு முறை ஸல்மான் (ரலி) அவர்கள் அந்த வீட்டுக்குப் போனபோது உம்முதர்தா (ரலி) அவர்கள் எளிய உடையில், தம்மைக் கவனியாத கோலத்தில் இருக்கக் கண்டு காரணம் வினவினார்கள். உம் சகோதரருக்கு இவ்வுலகில் எந்த நாட்டமும் இல்லை என்ற பதில் வந்தது. அபூதர்தா (ரலி) அவர்களோ பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்றிருந்தார்கள். விருந்தாளி விடவில்லை. நீர் உண்ணாமல் நான் உண்ணமாட்டேன் என்று நபிலான நோன்பை விடச் செய்தார்கள். இரவில் தொழ எழுந்தவரை இரு முறை உறங்கச் சொல்லிவிட்டு, இரவின் கடைசிப் பகுதியில் இருவருமாக எழுந்து தொழுதார்கள். இறைவனுக்கும் உம்மீது உரிமை உண்டு, உம் உடலுக்கும் உண்டு, உம் மனைவிக்கும் உண்டு, உரியவருக்கு உரியதைக் கொடுத்துவிடும் என்ற கருத்தில் அறிவுரையும் சொன்னார்கள். செய்தி நாயகம் (ஸல்) அவர்களிடம் சென்றபோது, ஸல்மான் சொன்னது உண்மை என்றே ஏற்றுக் கொண்டார்கள்.

அங்கே மனைவியின் உரிமைக்குக் குறுக்கே நின்றது சி.எம்.ஏ. தேர்வன்று, நபில் தொழுகையும் நோன்பும்! இபாதத்துக்கே அந்த அளவு என்றால், இபாதத் என்று பெயர் சூட்டிக் கொண்ட பாடப் புத்தகத்துக்கு எந்த அளவு என்பதை நாமே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

இதை எழுதுகிறவனும் ஒரு காலத்தில் துறைத் தேர்வுக்குப் படித்தவன்தான். தேறினேன், பதவி உயர்வும் வந்தது. என் மகள் அலிஃப், பே ஓதக் கற்றது யாரிடம் என்று கேட்டால் அவள் தாயிடம் என்பேன். எந்த வயதில் கற்றாள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அந்த ஆண்டில் நான் வீட்டில்தான் இருந்தேன்.

இனி, நேரத்தை எங்கிருந்து எடுப்பது என்று பார்ப்போம். முதலாளியின் நேரத்திலிருந்து எடுக்கக் கூடாது. சம்பளத்துக்கு இத்தனை மணி என்று தன் நேரத்தை ஒப்புக் கொடுத்தவரை நம் சட்ட நூல்கள் அஜீரு காஸ் என்று குறிப்பிடுகின்றன. அவர் வேலை நேரத்தில் பர்ளையும் ஸுன்னத்தையும் தொழுதுகொள்ளலாம்; நபில் தொழ முதலாளியின் அனுமதி வேண்டும் என்பது ஹனஃபிச் சட்டம். நபிலுக்கே அனுமதி வேண்டுமென்றால், மேஜை இழுப்பறைக்குள் புத்தகத்தைத் திறந்து வைத்துப் படிப்பதற்கு எங்கே இடம்? தேர்வு நெருங்கும்போது காய்ச்சல் என்று பொய் சொல்லி லீவு எடுப்பதும் இந்த வகைதான். தேர்வு என்று சொல்லியே லீவு கேளுங்கள். கிடைக்காவிட்டால் சம்பளத்தை இழந்து எடுத்துக் கொள்ளுங்கள்.

தூக்கத்திலிருந்து எடுக்கலாமென்றால், அதற்கும் எல்லை உண்டு. நபஃ அத்தியாயத்தில் (78) அல்லாஹ் இரவை ஆடையைப் போலவும் பகலை ஜீவனத்துக்குரியதாகவும் ஆக்கியிருப்பதாகச் சொல்லிக் காட்டுகிறான். இரவு ஒரு மணி வரை விழித்திருந்து, பஜ்ரைக் களாச் செய்து, எட்டு மணிக்கு ரயிலைப் பிடிக்க ஓடுகிறவருடைய படிப்பில் பரக்கத்தை எப்படித் தேடுவது? இஷாவுக்குப் பின் வீண் பேச்சை நாயகம் (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள். ஆனால் கல்விக்காக இரவில் பேசியிருப்பதற்கு இடமுண்டு என்பதையும் இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தனிப் பாடமாகத் தந்துள்ளார்கள். எனவே இஷாவுக்குப் பின் அரைமணி, முக்கால்மணி நேரம் படிப்பதில் குற்றமில்லை. கைப்பேசியில் பிறர் வீட்டு விருந்தைப் பார்த்துக் கொண்டிருக்கும் ஒரு மணி நேரம்தான் வீண் பேச்சின் இன்றைய உருவம். அதிலிருந்து எடுத்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

உண்மையில் நம் கைக்குக் கிடைத்த நேரம் பஜ்ருக்குப் பின் உள்ளதுதான். தம் சமுதாயத்தின் அதிகாலைப் பொழுதில் பரக்கத் அருளும்படி நாயகம் (ஸல்) அவர்கள் துஆச் செய்த செய்தியை அறிவித்தவர் ஸக்ர் அல்காமிதீ (ரலி) என்ற வணிகர். அவர் தம் சரக்குகளை அதிகாலையிலேயே அனுப்பிவைத்துச் செல்வந்தரானார் என்ற குறிப்பும் அந்த ஹதீஸுடனேயே வருகிறது.

கணக்குப் படிக்கிறவருக்குக் கணக்காகவே சொல்லலாம். பஜ்ருக்குப் பின் ஒரு மணி நேரம், ரயிலில் 40 நிமிடம். ஆறு நாளைக்குப் பத்து மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் சேர்த்தால் வாரத்துக்கு 13. சி.எம்.ஏ. தேர்வு ஜூனிலும் டிசம்பரிலுமாக ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. இடைப்பட்ட 26 வாரத்தில் 338 மணி நேரம் கிடைக்கும். ஒரு குரூப்பில் நான்கு பாடம். பாடத்துக்கு 84 மணி நேரத்துக்குச் சற்று அதிகம். வேலையில் இருப்பவருக்கு ஒரு குரூப்புக்கு இது போதும். இரண்டு குரூப்பையும் ஒரேயடியாக எழுதுவேன் என்று பிடிவாதம் பிடிக்கும்போதுதான் மனைவியின் நேரத்திலும் பெற்றோரின் நேரத்திலும் கை வைக்க நேருகிறது. கொஞ்சமானாலும் இடைவிடாமல் செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது என்று ஹதீஸில் வந்திருப்பதும் நினைவிருக்கட்டும்.

தேர்வு நாள்களின் தொழுகை பற்றியும் சிலர் கேட்டிருக்கிறார்கள். பிற்பகல் 2 முதல் 5 வரை தேர்வு என்றால், லுஹரைத் தொழுதுவிட்டே உள்ளே செல்லவேண்டும். அஸரின் நேரம் தேர்வு முடியுமுன் தொடங்கிவிட்டாலும், டிசம்பரில் இப்பக்கம் சூரியன் மறைய ஏறத்தாழ 6 மணியும், ஜூனில் ஆறே முக்கால் மணியும் ஆகிறது. வெளியே வந்ததும், வினாத்தாளைப் பற்றி நண்பர்களோடு வாதாடிக் கொண்டு நில்லாமல், வெயில் மஞ்சளிக்கும் முன் தொழுதுவிடுங்கள். தினமும் ஈரோட்டுக்குச் சென்று வருகிறவர் முஸாஃபிர் ஆகமாட்டார். தூரம் சுமார் 40 கிலோமீட்டர்தான். தேர்வுக்காகக் கோவைக்குப் போய் 15 நாளுக்குக் குறைவாகத் தங்குகிறவர் முஸாஃபிர். அவர் தனியே தொழுதால் லுஹர், அஸர், இஷாவை இரண்டிரண்டாகச் சுருக்க வேண்டும். உள்ளூர் இமாமின் பின் நின்றால் நான்கு. தேர்வு என்பதற்காக ரமளான் நோன்பை விட அனுமதியில்லை. 2016, 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் ஜூன் மாதத்தில் நோன்பு வந்தது. நோன்போடு எழுதித் தேறியவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது அந்தச் சகோதரியின் கேள்விக்கு வருகிறேன். நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, வீட்டாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் தெரிவித்தார்கள். மதீனாவின் பெண்கள் ஒருமுறை நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிட்டார்கள்: ஆண்களே உங்களைச் சூழ்ந்து கொள்கிறார்கள், எங்களுக்கென ஒரு நாள் ஒதுக்குங்கள் என்பது அவர்கள் கேட்டது. ஒதுக்கினார்கள். ஆகவே அந்தச் சகோதரிக்கு என் பதில் இது: உங்கள் உழைப்புக்கும் கூலி உண்டு, அத்துடன் உங்களுக்கும் ஒரு முறை உண்டு. அதைக் கேட்டு வாங்குவது குற்றமில்லை.

என் வீட்டார் மூலம் இதைச் சொல்லி அனுப்பினேன். அந்தப் பெண் அஞ்சல் வழியில் பி.காம். சேர்ந்து, முதல் பிள்ளை பிறந்தபோது பாதியில் நிறுத்தியவர் என்பது அப்புறம்தான் எங்களுக்குத் தெரிந்தது. கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசி, டிசம்பர் வரை பஜ்ருக்குப் பிந்திய நேரம் அவருக்கு, ஜனவரியிலிருந்து அதே நேரம் இவருக்கு என்று வைத்துக் கொண்டார்களாம். இப்போது பிள்ளைகளை எழுப்பிப் பல் துலக்க வைத்து மக்தபுக்கு அழைத்து வருவது அத்தாவின் வேலை. தலையை அரைகுறையாக வாரிக்கொண்டு அந்தப் பிள்ளைகள் வருவதைப் பார்த்தாலே அன்று யாருடைய முறை என்று தெரிந்துவிடும்.

தேர்வு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். நான்கு பாடத்தில் ஒன்றில் 60-க்கு மேல் வாங்கி, அதை மறுபடி எழுதுவதிலிருந்து விலக்குப் பெற்றார். இன்னொன்றில் 40 வேண்டிய இடத்தில் 38. ஜூனில் திரும்ப எழுதுகிறார், ரயிலிலும் இஷாவுக்குப் பின்னும் படித்து. காலை நேரம் இன்னும் அவருடைய மனைவியிடம்தான் இருக்கிறது.