வண்டியிலே வீடு, கரையிலே கப்பல்

இரவு பதினொரு மணிக்கு விளக்கு ஏற்றாமல் வாசலில் அமர்ந்து பாடம் படிக்க முடியுமா தோழியரே? அமெரிக்காவின் வடகோடி மாநிலமான அலாஸ்காவில், ஃபேர்பாங்க்ஸ் நகரில், ஜூன் மாதத்தில் முடியும்! பூமியின் அச்சு சாய்ந்திருப்பதால் அப்போது அங்கே ஏறத்தாழ 22 மணி நேரம் கதிரவன் மறைவதில்லை.

இந்த நெடும்பகலில்தான் அங்கே வீட்டு வண்டிகள் வந்து சேருகின்றன. படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் அடங்கிய பெரிய மோட்டார் வண்டிகள் அவை. 1942-இல், போர்க்காலத்தில், இராணுவத்தினர் காட்டை வெட்டி அமைத்த அலாஸ்கா நெடுஞ்சாலை வழியே பல நாள் பயணம் செய்து வருகின்றன. நகரின் பயனியர் பூங்காத் திடலில் அவை இரவு தங்கலாம். ஆனால் வண்டிக்கு மின் இணைப்போ குழாய் இணைப்போ கிடையாது. தொட்டித் தண்ணீரை அளந்துதான் செலவழிக்க வேண்டும். பாத்திரம் கழுவுகிறவர்தான் முதலில் கவலைப்படுவார் என்று நினைக்கிறேன்!

அலாஸ்காவை ரஷ்யாவிடமிருந்து அமெரிக்கா 72 லட்சம் டாலருக்கு வாங்கியது 1867-இல். அதன் நூற்றாண்டுக் கண்காட்சிக்காக 1967-இல் அமைந்ததே இப்பூங்கா. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே சேனா ஆறு பெருகி நகரை வெள்ளக்காடாக்கியது.

1902-இல் ஃபெலிக்ஸ் பெட்ரோ என்பவர் அப்பகுதியில் பொன் கண்டார். பொன் தேடி வந்தோர் மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய சிறு வீடுகள் பல, நகரம் வளர்ந்தபோது இங்கே பெயர்த்துக் கொண்டுவரப்பட்டன. நீதிபதி விக்கர்ஷாம் 1904-இல் கட்டிய வீடும் அவற்றுள் ஒன்று. அருகே 237 அடி நீளமுள்ள 'நெனானா' என்னும் மரக்கப்பல் கரையேறி நிற்கிறது. 1933-இல் கட்டப்பட்ட அது, விறகை எரித்து, பின்புறச் சக்கரம் சுழல, டனானா, யூக்கான் ஆறுகளின் கரையூர்களுக்குச் சரக்கு கொண்டு சென்றது.

ஒரு சொல் மட்டும் என்னை உறுத்துகிறது. 'பயனியர்' என்றால் முதலில் வந்தவர் அல்லவா? பொன் தேடிகளுக்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே அதபாஸ்கன் மக்கள் மீன் பிடித்தும் வேட்டையாடியும் வாழ்ந்தார்கள். டனானா, நெனானா, சேனா என்பன அவர்கள் மொழியிலிருந்து வந்த பெயர்கள். 1915 ஜூலையில் அவர்களுடைய தலைவர்கள் ஃபேர்பாங்க்ஸ் நூலகத்தில் அதே விக்கர்ஷாமைச் சந்தித்து, ஒதுக்கப்பட்ட எல்லைக்குள் அடைபட்டு வாழச் சம்மதிக்கவில்லை என்று சொன்னார்கள். அந்த நூலகக் கட்டடம் சேனா ஆற்றங்கரைச் சாலையில் இன்றும் நிற்கிறது. நான் அந்தப் பூங்காவுக்குப் போனால், விக்கர்ஷாம் வீட்டைப் பார்த்துவிட்டு, அன்றே அங்கேயும் போவேன். இருட்டிவிடும் என்ற பயம்தான் இல்லையே!