முகட்டுப் பாதையில் ஒரு பகல்

இமாசலப் பிரதேசத்தின் காங்ராப் பள்ளத்தாக்கில் நின்று வடக்கே நோக்கினால், தௌலாதார் மலைத்தொடர் நெடிய சுவர்போல எழுந்து நிற்பதைக் காணலாம். அத்தொடரின் கிளை முகடுகளுள் ஒன்று திரியுண்ட். ஏறத்தாழ 2,850 மீட்டர் உயரத்தில், புல்வெளி போர்த்திய அம்முகட்டில் நிற்போர் ஒருபுறம் பனி படிந்த சிகரங்களையும் மறுபுறம் பசுமையான பள்ளத்தாக்கையும் ஒருங்கே காண்பர். மெக்லியாட்கஞ்ச் நகருக்கு மேலேயுள்ள கல்லு தேவி கோயிலிலிருந்து அங்குச் செல்லும் நடைபாதை ஏறத்தாழ 7 கிலோமீட்டர் நீளமுடையது. ஓக், தேவதாரு, ரோடோடென்ட்ரான் மரங்களுக்கிடையே செல்லும் இப்பாதையில் ஏறக் கயிறோ சிறப்புக் கருவிகளோ தேவையில்லை. நல்ல உடல்நலமும் முறையான திட்டமும் இருந்தால் ஒரே பகலில் சென்று திரும்பலாம்.

நேரக் கணக்கு

மலைப்பாதையில் தொலைவை மட்டும் கொண்டு நேரத்தைக் கணிக்க இயலாது. ஏறும் உயரத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ஸ்காட்லாந்து நாட்டு மலையேற்ற வீரர் வில்லியம் நெய்ஸ்மித் 1892-ஆம் ஆண்டில் இதற்கு ஓர் எளிய விதியை வகுத்தார். இன்றைய அளவையில் அவ்விதி, 5 கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்திற்கு மேலும் ஒரு மணி நேரம் என அமையும்.

கல்லு தேவி கோயில் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆகவே ஏற்றம் 750 மீட்டர். நடைக்கு 1 மணி 24 நிமிடமும் ஏற்றத்திற்கு 1 மணி 15 நிமிடமும் கூட்டினால் 2 மணி 39 நிமிடம் ஆகும். இது நடைப் பழக்கம் உடையவர் ஓய்வின்றிச் செல்லும் கணக்கு. மாணவர் குழு ஓய்வெடுக்கும், நீர் அருந்தும், காட்சிகளைக் கண்டு நிற்கும். ஆதலால் அந்நேரத்தோடு அதில் பாதியையும் சேர்த்து 4 மணி நேரம் எனக் கொள்வதே பொருத்தம். குழுவின் வேகம் என்பது அதில் மிக மெதுவாக நடப்பவரின் வேகமே. எனவே வழியறிந்த ஒருவர் முன்னும் பொறுப்புள்ள ஒருவர் பின்னும் செல்ல, ஏனையோர் இடையில் நடப்பர்.

வானிலையும் சுமையும்

உயரம் 1,000 மீட்டர் கூடும்போது வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியசு குறைகிறது. அடிவாரத்தில் வெயில் காய்ந்தாலும் முகட்டில் குளிர்காற்று வீசக்கூடும். ஆகவே கம்பளிச் சட்டையும் மழைச்சட்டையும் பையில் இருத்தல் வேண்டும். முகட்டில் ஓடைகள் இரா. ஒவ்வொருவரும் குறைந்தது இரண்டு லிட்டர் நீர் கொண்டு செல்வது நலம்.

மலைகளில் காலை வெயிலால் சூடேறிய ஈரக்காற்று மேலெழுந்து, பிற்பகலில் இடிமேகமாகத் திரள்வதுண்டு. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 வினாடிக்குக் குறைவாக இருப்பின், மின்னல் 10 கிலோமீட்டருக்குள் உள்ளது என்பது பொருள். வெட்டவெளியான முகட்டிலும் தனிமரத்தின் அடியிலும் அப்போது நிற்றல் ஆகாது. உடனே கீழிறங்க வேண்டும். மழைக்காலத்திலும் எச்சரிக்கை நாள்களிலும் மாவட்ட நிர்வாகம் மலையேற்றத்திற்குத் தடை விதிப்பதுண்டு. ஆதலால் முதல்நாளே அறிவிப்புகளைக் கேட்டறிதல் வேண்டும்.

திரும்பும் நேரம்

திட்டத்தின் உயிர்நாடி திரும்பும் நேரமே. அக்டோபர் நடுப்பகுதியில் அங்கு மாலை 6 மணிக்கு முன்னரே கதிரவன் மறைந்துவிடும். இறங்க 3 மணி நேரம் ஆகும் எனக் கொண்டு, காலை 7 மணிக்குப் புறப்படும் குழு, "நண்பகல் 12 மணிக்கு எங்கிருந்தாலும் திரும்புவோம்" என்று அடிவாரத்திலேயே முடிவு செய்ய வேண்டும். பிற்பகல் 3 மணிக்குக் கீழே வந்துவிட்டால், எதிர்பாராத இடர்களுக்கு ஏறத்தாழ மூன்று மணி நேர வெளிச்சம் கையிருப்பாக இருக்கும்.

இம்முடிவை ஏன் முன்கூட்டியே எடுக்க வேண்டும்? ஒரு குழுவை எண்ணிப் பார்க்கலாம். பாதையின் இறுதிப் பகுதி செங்குத்தானது. அதன் இருபத்திரண்டு வளைவுகளில் பாதியைக் குழு கடந்துவிட்டது. மணி 12. ஒரு மாணவிக்குக் கணுக்காலில் வலி. வடக்கே மேகம் கறுக்கிறது. முகடோ அருகில் தெரிகிறது. "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், இன்னும் அரைமணி நேரம்தானே!" என்கிறான் ஒருவன். வலியைச் சொன்னால் பிறர் ஏமாற்றமடைவரோ என அம்மாணவி வாய்மூடி நிற்கிறாள். அந்நேரத்தில் வாக்கெடுத்தால் ஆசையே வெல்லும். காலையில் அமைதியான மனத்துடன் எடுத்த முடிவு இருந்தால், யாரும் யாரையும் குறை கூறாமல் இறங்கலாம். களைத்த கால்கள் சரளைக்கற்களில் வழுக்குவது இறக்கத்தில்தான். அதற்கான வலிமையை மிச்சம் வைப்பதும் திட்டத்தின் பகுதியே.

செல்லும் வழி, குழுவினர் பெயர்கள், திரும்பும் நேரம் ஆகியவற்றை எழுதி, கீழே தங்கும் ஒருவரிடம் கொடுத்துச் செல்ல வேண்டும். மலையில் அலைபேசி இணைப்பு இல்லாது போகலாம். குறித்த நேரத்தில் குழு வாராவிடில், அவர் 112 என்னும் அவசர உதவி எண்ணை அழைப்பார்.

முகடு அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். சென்றவர் அனைவரும் நலமாக வீடு திரும்பிய நாளே வெற்றிபெற்ற மலையேற்ற நாள்.

அருஞ்சொற்பொருள்
முகடு – மலையின் உச்சி விளிம்பு
ஒருங்கே – ஒரே நேரத்தில்
இடர் – துன்பம், ஆபத்து
உயிர்நாடி – மிக இன்றியமையாத பகுதி

பயிற்சி
1. 10 கிலோமீட்டர் தொலைவும் 900 மீட்டர் ஏற்றமும் உடைய பாதைக்கு நெய்ஸ்மித் விதிப்படி ஆகும் நேரத்தைக் கணக்கிடுக.
2. வலியை வெளியே சொல்ல அம்மாணவி ஏன் தயங்கினாள்? நீங்கள் குழுத்தலைவராயின் என்ன செய்வீர்கள்?
3. பிரித்து எழுதுக: அம்முகடு, வெட்டவெளி, நண்பகல்.
4. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள குன்றுக்கு ஒருநாள் நடைப்பயணத் திட்டம் எழுதுக. திரும்பும் நேரத்தைக் குறிப்பிடுக.